இருபத்திரண்டு கிரேனுக்கு ஒரே கை

ரிமோட் பெட்டி தப்பு செய்யாது என்று எழுதிக்கொடுக்கத்தான் என்னை அனுப்பினார்கள். யாரும் அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. "போய்ப் பாத்துட்டு வாங்க, கோவர்த்தனன்" என்றுதான் சொன்னார்கள். ஆனால் இந்தத் தொழிலில் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியவனுக்கு, எந்த மாதிரி 'பாத்துட்டு வாங்க'வுக்கு எந்த மாதிரி அறிக்கை வேண்டும் என்பது ரயில் ஏறுமுன்பே தெரிந்துவிடும்.

துவாக்குடிக்கு அந்தப் பக்கம், கொதிகலன் உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை அது. கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேன்கள் மொத்தம் இருபத்திரண்டு. ஒரு காலத்தில் மேலே கூண்டுக்குள் ஆள் உட்கார்ந்து ஓட்டினார்கள். அப்புறம் இடுப்பில் பெல்ட் போட்டு மாட்டிக்கொள்ளும் ரிமோட் பெட்டி வந்தது. தரையில் சுமையோடு கூடவே நடந்து ஓட்டலாம். இப்போது, 2041-இல், அந்தப் பெட்டிக்குள் எங்கள் கம்பெனியின் நிழற்கை இருக்கிறது.

நிழற்கை ஒன்றும் மந்திரம் இல்லை. ஒரு நல்ல ஆபரேட்டரின் கை நெம்புகோலை எப்படித் தள்ளுகிறது, எங்கே தயங்குகிறது, எப்போது விடுகிறது என்று மூன்று வாரம் பதிவு செய்வோம். பிறகு அதை எல்லாப் பெட்டிகளிலும் ஏற்றிவிடுவோம். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் கன்னாபின்னாவென்று தள்ளினாலும், பெட்டி அதைப் பழகிய கையின் தள்ளலாகத் திருத்தி மேலே கிரேனுக்கு அனுப்பும். இங்கே நாங்கள் எடுத்தது ஷேக் தாவூது என்பவருடைய கையை. பதிவு செய்தவன் நான்தான். மூன்று வாரத்துக்கு முன்பு இருபத்திரண்டு பெட்டிகளிலும் அதை ஏற்றிவிட்டுப் போனவனும் நான்தான்.

முந்தின நாள் காலை ஒன்பதாம் நம்பர் கிரேனில் விபத்து. பதினான்கு டன் டிரம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நின்ற டிரம் திடீரென்று பின்னால் இழுபட்டு ஊசலாடி, சுமை கட்டுகிற கலாசி பிபினை இரும்புத் தாங்கியோடு சேர்த்து நசுக்கிவிட்டது. ஒடிசாவிலிருந்து வந்தவர், வயது முப்பது. இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஓட்டியவர் ஜெசிந்தா என்ற ஒப்பந்தத் தொழிலாளி. பெட்டியின் பதிவேட்டில் பளிச்சென்று இருந்தது: ஆபரேட்டர் ஆணை, ரிவர்ஸ், அரை நொடி.

தொழிற்சாலை மேலாளர் வைத்தியலிங்கம் என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். எனக்கெல்லாம் யாரும் எழுந்து நின்றதில்லை. அப்போதே எனக்கு உறுத்தியது.

"போலீஸ்ல அந்தப் பொண்ணு மேல கேஸ் போட்டாச்சு சார். மூணு மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வர்றாங்க. அதுக்குள்ள உங்க ரிப்போர்ட்டைக் குடுத்துட்டீங்கன்னா முடிஞ்சுது."

"மத்த கிரேனெல்லாம்?"

"ஓடுது. ஒன்பது மட்டும்தான் நிக்குது. அதுவும் அந்தப் பொண்ணு கை கோளாறுதானே, கிரேன் கோளாறா?" என்று சொல்லிவிட்டு முந்திரி பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்.

ஜெசிந்தாவை வாசல் காவலாளி அறையில் உட்காரவைத்திருந்தார்கள். இருபத்தாறு வயது இருக்கும். மடியில் ஹெல்மெட். என் சட்டையில் தொங்கிய அடையாள அட்டையைத்தான் முதலில் படித்தாள்.

"ரிமோட் கம்பெனியா? அப்ப எனக்கு எதிராத்தான் எழுதுவீங்க."

"இருக்கறதை எழுதுவேன்."

"எல்லாரும் அதைத்தான் சார் சொல்றாங்க."

என்ன நடந்தது என்று கேட்டேன். இந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. சுமை நின்றதும் ஆபரேட்டர் பெட்டியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். இரண்டு கையும் மேலே தெரிந்தால்தான் கலாசி உள்ளே வந்து சுமையைத் தொடுவார்.

"தூக்கினேன் சார். ரெண்டு கையும். பிபின் பாத்தான், பாத்துட்டுத்தான் உள்ள வந்தான். கயித்தைப் பிடிக்கக் குனிஞ்சான். டிரம் அவன் மேல போச்சு. என் கை அப்பவும் மேலதான் இருந்துச்சு."

"கேமரா?"

"டிரம்முக்குப் பின்னால நான் தெரியல."

"பிபின் என்ன சொல்றார்?"

அவள் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கையைக் காட்டி உள்ள கூப்பிட்டுட்டு, அக்கா தள்ளிடுச்சுங்கறான். ரெண்டு வருஷமா ஒண்ணா வேலை பாக்குறோம் சார். நான் கை தூக்காம அவன் ஒரு அடி நகர மாட்டான். ஜெயில்ல போட்டாலும் போடட்டும். அவன் அப்படி நெனச்சுட்டே கெடக்குறான் பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல." சொல்லிவிட்டு அழுதாள். 'அழுதாள்' என்று குறித்துக்கொண்டேன். உண்மையாகவும் இருக்கலாம், நாடகமாகவும் இருக்கலாம். அன்றைக்கு என் புத்தி அப்படி.

"நான் எதைத் தொட்டேன், எதை விட்டேன்னு உங்க பெட்டியில இருக்கும்ல?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. பதில்தான் நியாயமாக இல்லை. "விரல் தள்ளுனது பதிவாகாதும்மா. திருத்தினதுக்கு அப்புறம் பெட்டி மேல என்ன அனுப்புச்சோ, அதுதான் பதிவாகும்."

"அப்ப பெட்டி அனுப்புனதை என் பேர்ல எழுதி வைக்குமா?"

ஏன் அப்படி வைத்தார்கள் என்று நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். நினைவகத்தில் இடம் மிச்சம் என்றார்கள்.

ஜெசிந்தாவையும் கூட்டிக்கொண்டு ஒன்பதாம் நம்பருக்குப் போய் வெறும் கொக்கியை வைத்து ஓட்டிப் பார்த்தேன். முன்னால், பின்னால், நிறுத்து. பத்து முறை செய்தேன். பூப்போல நின்றது. அவளைத் திரும்பிப் பார்த்தேன். காவலாளிக்குப் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாள்.

"வெறுங்கொக்கிக்கு வராது சார். பத்து டன்னுக்கு மேல தொங்கணும்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என் குரல் எனக்கே போலீஸ்காரன் குரலாகக் கேட்டது. "அப்ப முன்னாடியே நடந்திருக்கு?"

"நின்னதுக்கு அப்புறம் பின்னால லேசா ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். நாலஞ்சு வாட்டி."

"ஏன் சொல்லல?"

"என் கைதான் சரியில்லன்னு நெனச்சேன். ஒப்பந்த ஆளு சார் நானு. கை சரியில்லன்னு நானே போய்ச் சொன்னா, அடுத்த நாள் கேட்டுக்கு வெளியதான் நிக்கணும். எல்லாருக்கும் வெட்டுதுன்னு நேத்துதான் தெரிஞ்சுது. எல்லாரும் அவங்கவங்க கைன்னு நெனச்சு வாயை மூடிட்டு இருந்திருக்காங்க."

இதுவும் ஜோடித்த கதையாக இருக்கலாம். ஆனாலும் ஆட்களை எல்லாம் தூர நிறுத்திவிட்டு, அதே டிரம்மைத் தூக்கச் சொன்னேன். பெட்டியை நானே மாட்டிக்கொண்டேன். இருபது அடி நகர்த்தினேன். நெம்புகோலை விட்டேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினேன்.

கிரேன் நின்றது. பிறகு டக்கென்று பின்னால் ஒரு வெட்டு. பதினான்கு டன்னும் என்னைப் பார்த்து ஆடி வந்தது.

பெட்டியின் சின்னத் திரையில் என் பெயரைப் போட்டு எழுதியிருந்தது: ஆபரேட்டர் ஆணை, ரிவர்ஸ், அரை நொடி. என் கைகள் இன்னும் மேலேயே இருந்தன.

உடனே தலைமை அலுவலகத்தில் மென்பொருள் பார்க்கும் ரகோத்தமனுக்குப் போன் போட்டேன். "நிழற்கையில கனச் சுமைக்கு ஒரு ரிவர்ஸ் தட்டல் ஒட்டிக்கிட்டு இருக்கு. இங்க மத்த கிரேனெல்லாம் ஓடிட்டிருக்கு. அடுத்த ஆள் விழறதுக்குள்ள அதை எடுத்துடு" என்றேன். இருபது நிமிடம் என்றான். சொன்னபடி முடித்தும்விட்டான். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு டீ குடித்தேன்.

அடுத்து தாவூது பாய். கையைப் பதிந்து முடித்ததும் அவரை ஸ்டோருக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். இருபத்தெட்டு வருடம் கிரேன் ஓட்டியவருக்கு இப்போது போல்ட், நட்டு எடுத்துக்கொடுக்கிற வேலை. வேண்டுமென்றே பதிவில் அந்தத் தட்டலைச் செருகியிருப்பாரோ என்று ஸ்டோருக்குப் போகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். காரணம் இருந்தது அவருக்கு.

"பாய், சுமையை நிறுத்துறப்ப ரிவர்ஸ் தட்டுவீங்களா?"

"தட்டுவேன்."

இப்படிப் பட்டென்று ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை. "ரிவர்ஸ் தட்டி நிறுத்தக் கூடாதுன்னு சுவத்துல போர்டே மாட்டியிருக்கே?"

"போர்டு இருக்கு. பிரேக்தான் இல்ல." ஒரு டப்பாவை மூடி அலமாரியில் வைத்தார். "நான் ஓட்டுனது நாலாம் நம்பர். அதுல கனமா ஏத்துனா பிரேக் பிடிக்காது, வழுக்கிட்டே போகும். பதினோரு வருஷமா எழுதிக் குடுக்குறேன். பாக்குறோம் பாக்குறோம்னாங்க. ஆளைக் கொல்லக் கூடாதுல்ல, அதனால விட்டதும் லேசா ஒரு ரிவர்ஸ் தட்டுவேன், நின்னுடும். கை பழகிப்போச்சு."

எனக்குப் புரிந்துவிட்டது. பிரேக் இல்லாத கிரேனுக்காகப் பழகிய கை அது. அதைப் பிரேக் நன்றாக உள்ள இருபத்தொரு கிரேன்களில் ஏற்றியிருக்கிறோம். ஏற்கெனவே நின்றுவிட்ட சுமைக்கு மேல் அந்தத் தட்டல் போய் விழுந்தால் ஊசலாடாமல் என்ன செய்யும்?

"இதைப் பதிவு எடுக்கறப்பவே சொல்லியிருக்கலாமே பாய்."

"சொன்னேனே."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான். மொத நாளே. 'இந்த வண்டியில பிரேக் பிடிக்காது சார், வேற வண்டியில வச்சு எடுங்க'ன்னேன். நீங்க, 'பாய், உங்க வாய் வேணாம், கை மட்டும் போதும்'னீங்க. சுத்தி நின்னவங்கல்லாம் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க."

சிரித்தேன்தான். நல்ல நகைச்சுவை என்று அன்று சாயங்காலம் விடுதியில் இன்னொருவரிடமும் சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ரிமோட்டைப் பொருத்தி முடித்ததும் ஒவ்வொரு கிரேனுக்கும் ஒரு படிவம் உண்டு. முழுச் சுமை ஏற்றி, ஓட்டி, விட்டு, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளந்து எழுத வேண்டும். நாலாம் நம்பருக்கு அந்தச் சோதனையை நான் செய்யவில்லை. உற்பத்தி நின்றுபோகும், சோதனைக்கெல்லாம் சுமை தர முடியாது என்றார்கள். 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எல்லோரும் செய்வதுதான் என்று அன்று நினைத்தேன்.

மூன்று மணிக்கு ஆய்வாளர் அங்கயற்கண்ணி வந்தார். ஐம்பது வயது, தோளில் துணிப்பை, பேச்சு குறைவு. ஒன்பதாம் நம்பரில் எல்லோர் முன்பும் டிரம்மைத் தூக்கி நகர்த்திக் காட்டினேன். நெம்புகோலை விட்டேன். கைகளைத் தூக்கினேன்.

கிரேன் நின்றது. டிரம் அசையவே இல்லை.

"சரியாத்தானே இருக்கு?" என்றார் ஆய்வாளர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டலை எடுக்கச் சொன்னவன் நானேதான். ரகோத்தமனை ஸ்பீக்கரில் பிடித்து, பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றச் சொன்னேன்.

"பழசை சட்டப் பிரிவு எடுத்துப் பூட்டிட்டாங்க சார்," என்றான். அவன் குரலே மாறியிருந்தது. "எழுத்து மூலமா கேக்கணுமாம். ஆறு வாரம் ஆகும்னு சொல்றாங்க. அப்புறம்... இப்ப கோளாறு எதுவும் இல்லையே, எதுக்குன்னு கேக்குறாங்க."

ஆய்வாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காலையில கோளாறு இருந்துச்சு, நீங்களே எடுக்கச் சொன்னீங்க, இப்ப இல்ல. அப்படித்தானே? இதை நான் எப்படி எழுதுறது?"

"தாவூதுன்னு ஒருத்தர் சாட்சி சொல்வார் மேடம்."

"அவரு ஸ்டோருக்கு மாத்துன கடுப்புல இருக்காரு மேடம்," என்றார் வைத்தியலிங்கம். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஜெசிந்தா அழவில்லை. "நல்லாப் பண்ணீங்க சார்," என்று மட்டும் சொன்னாள். நான் திட்டம் போட்டே அழித்துவிட்டேன் என்று நினைக்கிறாள். அவள் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

இருபத்தொரு கிரேனுக்கும் ஆபத்து போய்விட்டது, அதையாவது உருப்படியாகச் செய்தேனே என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். இருபத்தொன்று. மிச்சம் ஒன்று இருக்கிறதே. நாலாம் நம்பரைப் பதினோரு வருடமாக நிறுத்திக்கொண்டிருந்ததே அந்தத் தட்டல்தான். அதையும் சேர்த்துத்தானே எடுத்துவிட்டோம்!

ஓடினேன். ஷெட்டின் மறு கோடி. நாலாம் நம்பரின் கொக்கியில் தடித்த இரும்புத் தகடுகள் ஒரு கட்டாகத் தொங்கின. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், வெல்டிங் மறைப்பு ஒன்றைச் சாய்த்துவிட்டு நின்றிருந்தன. மறைப்புக்குப் பின்னால் நல்லவேளையாக ஆள் இல்லை. பெட்டியை மாட்டியிருந்த நடுவயதுக்காரர் என்னைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"என் கைதான் சார். கொஞ்சம் லேட்டா விட்டுட்டேன். எழுதிடாதீங்க சார்."

பெட்டியிலிருந்து சாவியை உருவிக்கொண்டேன். சாவி இல்லாமல் அந்தக் கிரேன் ஓர் அங்குலம் நகராது. ஒன்றும் இல்லை, போங்க என்று அவரை அனுப்பினேன்.

அங்கே ஒரு நிமிடம் தனியாக நின்றேன். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பிரேக்கை மாத்துங்க என்று வைத்தியலிங்கத்தின் காதில் மட்டும் போட்டால் போதும். நாளைக் காலைக்குள் மாற்றிவிடுவார்கள். யாருக்கும் ஆபத்து இல்லை. என் கையெழுத்துப் போட்ட படிவமும் ஆயிரம் படிவங்களோடு தூங்கும். தாவூது சொன்னது உண்மை என்று காட்ட இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்தப் பிரேக் ஒன்றுதான். அதைக் காட்டினால் ஜெசிந்தாவைக் காப்பாற்றலாம். என் லைசென்ஸ் போகும், வேலை போகும், கேஸ் என் பக்கம் திரும்பும். என் மகள் அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அதையும் நினைத்தேன்.

ஆய்வாளர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். பின்னாலேயே மற்றவர்களும்.

"எதுக்கு ஓடினீங்க?"

"இந்தப் பக்கம் ஒரு ஆள் இல்லாம வெளிய அனுப்புங்க மேடம். ஒண்ணு காட்டணும்."

கடைசி மனிதரும் தரையிலிருந்த மஞ்சள் எல்லைக் கோட்டைத் தாண்டும்வரை காத்திருந்தேன். சாவியைப் போட்டேன். பதினைந்து டன் ஏற்றி, தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு கிழித்து, கோட்டுக்கு மேல் சுமை வந்தபோது நெம்புகோலை விட்டேன். சுமை போய்க்கொண்டே இருந்தது. அவசரத்துக்கு நிறுத்துகிற சிவப்புப் பொத்தானையும் குத்தினேன். அதற்கும் அதே பிரேக்தானே. சட்டை செய்யாமல் போய் மெல்ல நின்றது.

அங்கயற்கண்ணி துணிப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்துத் தானே குனிந்து அளந்தார். "மூணு மீட்டர் நாப்பது," என்றார். வைத்தியலிங்கத்திடம் நாலாம் நம்பரின் படிவத்தைக் கேட்டார். அது வருவதற்குள் தாவூதையும் கூப்பிட்டனுப்பி, அவர் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். வாய் வேணாம், கை போதும் என்று நான் சொன்னதும் அதில் இருந்தது.

படிவம் வந்தது. "முழுச் சுமை பிரேக் சோதனை, சரி," என்று படித்தார். "கையெழுத்து யாரோடது?"

பெயர் கீழே அச்சாகியிருந்தது. இருந்தும் கேட்டார்.

"என்னோடது. சோதனை செய்யாம போட்டேன்."

ஆய்வாளர் எழுதி முடிக்க ஐந்து மணி ஆனது. ஜெசிந்தா வாசலில் எனக்காகக் காத்திருந்தாள். நன்றி சொல்ல என்று நினைத்தேன்.

"நீங்க முன்னாடியே இதைச் செஞ்சிருந்தா பிபினுக்குக் கால் இருந்திருக்கும்," என்றாள்.

"ஆமாம்மா."

"அவன்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான்."

ஆஸ்பத்திரிக்குப் போனபோது பார்வையாளர் நேரம் முடிய அரை மணி இருந்தது. அவள் வார்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பிபினுக்குத் தமிழ் நன்றாகவே புரிந்தது. பிரேக், தாவூது பாயின் கை, என் கையெழுத்து என்று எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னேன்.

"அக்கா தள்ளல?"

"தள்ளல. ரெண்டு கையும் மேலதான் இருந்துச்சு. தப்பு என்னோடது."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். ஜெசிந்தா தலை குனிந்து நின்றுகொண்டிருந்தாள். பிறகு என் சட்டையில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்தார். கழற்றி வைக்க மறந்துபோயிருந்தேன். அதிலிருந்து அவர் கண் நகரவே இல்லை.

"இப்படிச் சொல்லுன்னு உங்களை அனுப்புனது யாரு சார்?"

யாரும் அனுப்பவில்லை என்றேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.